சும்மா ஒரு பயணம்

"என்ன வேலையாப் போற?" என்று அம்மா கேட்டார்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் புலரவில்லை. முற்றத்து விளக்கின் கீழ் அமர்ந்து மோட்டார் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நாவலப்பிட்டிவரை போய்வரப் போகிறேன் என்று முதல்நாள் இரவே அவரிடம் சொல்லியிருந்தேன். ஆகவே அது போகும் இடத்தைப் பற்றிய கேள்வியன்று. போகும் காரணத்தைப் பற்றிய கேள்வி.

"வேலை ஒண்ணும் இல்லம்மா. கூட்டாளிங்களோட சும்மா போயிட்டு வாறேன்."

"சும்மாவா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டு, தேநீர் ஊற்ற உள்ளே போய்விட்டார்.

அவர் குரலிலே கண்டனம் இல்லை; வியப்புத்தான் இருந்தது. அந்த வியப்பு எனக்கு விளங்காததன்று. மடுல்கெல்லவுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். அக்காலத்தில் அவர் கண்டிக்குப் போன பயணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடையாள அட்டைக்காக ஒருமுறை. என் தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை. சேமலாப நிதிப் பணத்துக்காக மூன்று முறை. இரண்டு சாவு வீடுகள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலும் கையிலே ஒரு காகிதமும் இருந்தது. காரணம் எதுவுமின்றி ஒரு மனிதர் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மலை இறங்கி, ஆற்றைப் பார்த்து, தேநீர் அருந்தித் திரும்பலாம் என்பது எங்கள் லயத்து வாழ்க்கையிலே இடம் பெறாத எண்ணம்.

அத்தகைய பயணம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இதனை இப்பக்கங்களில் எழுதலாமா என்ற தயக்கமும் எனக்கு இருந்தது. ஆசிரியர் சங்க வேலைகளில் என்னிலும் மூத்த தோழர் ஒருவர் எங்கள் பயணங்களைப் பற்றிக் கேள்வியுற்று, "நடுத்தர வர்க்கத்தின் விளையாட்டு" என்று மூன்று சொற்களில் முடித்துவிட்டார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தொழிலாளர் இயக்க வரலாறு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. 1894இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துச் சோஷலிஸ்டுகள் சிலர் 'கிளாரியன்' என்ற பெயரிலே சைக்கிள் கழகமொன்றை அமைத்தனர். விடுமுறை நாட்களிலே கூட்டமாகக் கிராமங்களுக்குச் சைக்கிளிற் சென்று, உலாவின் மகிழ்ச்சியோடு பிரசாரத்தையும் சேர்த்துக்கொண்டனர். ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரிலே 1896இல் 'ஒருமைப்பாடு' என்று பொருள்படும் பெயரோடு தொழிலாளர் சைக்கிள் சங்கமொன்று தோன்றியது. பின்னாளில் அது மோட்டார் வண்டிக்காரரையும் சேர்த்துக்கொண்டது. 1933இல் நாஜிகள் அதனைத் தடைசெய்தனர். ஞாயிற்றுக்கிழமை உலாப் போனவர்களின் சங்கத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

எங்கள் கூட்டுக்கு அவ்வளவு பெரிய வரலாறு கிடையாது, பெயரும் கிடையாது. அது 2022இல் ஒரு பெற்றோல் வரிசையிலே பிறந்தது.

அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருட் கப்பலுக்குப் பணம் செலுத்த நாட்டினால் இயலாதுபோன மாதங்கள் அவை. ஜூன் மாத இறுதியிலே அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன், வத்துகாமத்தை அண்டிய வரிசையொன்றிலே இரண்டு இரவுகள் கிடந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் அவ்வூரிலே தச்சு வேலை செய்யும் சிங்கள நண்பர். பின்னால் மடவளையைச் சேர்ந்தவர், துணிக்கடையொன்றில் கணக்கெழுதுபவர். அவருக்குப் பின்னால் பன்வில வீதியிலே சிறிய கராஜ் வைத்திருக்கும் தம்பி, தோட்டத்துப் பிள்ளை. எங்கள் பாடசாலையிலே கணிதம் கற்பிக்கும் ஆசிரியை தமது ஸ்கூட்டியை வரிசையில் விட்டுவிட்டு, பகலிலே வந்து காவல் மாறுவார். 2018 மார்ச்சிலே திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டதன் பின்னர், இரவிலே வெளியே தங்குவதற்கே தாம் அஞ்சியிருந்ததாக மடவளை நண்பர் பிறகொரு நாள் சொன்னார். அந்த வரிசையிலே அவர் தச்சு நண்பரின் பாயில் உறங்கினார்.

பொழுது போக்கக் கணக்குப் போட்டோம். ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் அந்த ஜூன் மாத முடிவில் 470 ரூபாவை எட்டியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. அதுவும் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேதான் கிடைத்தது. ஒரு பெண் நாள் முழுவதும் மலையிலே நின்று பறிக்கும் கொழுந்துக்கு இரண்டு லீற்றர் பெற்றோலும் சில்லறையும் விலை. கணித ஆசிரியை அந்தக் கணக்கை மறுவாரம் பத்தாம் ஆண்டு மாணவருக்கு விகிதசமப் பயிற்சியாகக் கொடுத்தாராம். வகுப்பிலே ஒரு பிள்ளை, "டீச்சர், அப்ப அம்மா ஸ்கூட்டி ஓட்டணும்னா எத்தன நாள் பேர் போடணும்?" என்று கேட்டதாகவும் சொன்னார்.

பிறகு கியூ.ஆர். குறியீட்டுப் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றர். 2023 செப்டெம்பரிலே பங்கீடு நீக்கப்பட்டபோது, அந்த வரிசையின் நினைவாக நாங்கள் ஐவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டிவரை சென்று வந்தோம். அதுவே தொடக்கம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் புறப்பட்டுவிடுகிறோம். எங்களுக்குள் இரண்டு விதிகள் உண்டு. மிக மெதுவாக ஓடும் வண்டிதான் முன்னே செல்லவேண்டும். ஆகவே ஸ்கூட்டி முன்னே போகும், நாங்கள் பின்னே போவோம். தேநீர்க் காசை அன்று யாருடைய வண்டி பழுதாகிறதோ அவர் கொடுக்கவேண்டும். என்னுடையது 2019இலே தவணைக்கு வாங்கிய 100 சீ.சீ. வண்டி. ஆகவே பெரும்பாலும் நானே கொடுப்பேன்.

நாவலப்பிட்டியைத் தெரிவுசெய்தவனும் நானே. அதற்குக் காரணம் ஒன்று இருந்தது. அதனை அம்மாவிடம் சொல்லவில்லை, நண்பர்களிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாத்தியார் உலாவையும் பாடமாக்கிவிட்டார் என்பார்கள் என்ற அச்சம்.

தேநீர் குடித்துப் புறப்படுகையில் பொழுது கடந்துவிட்டது. ஆறு மணிக்குப் பன்வில சந்தியிலே கூடுவதாக ஏற்பாடு. தோட்டப் பாதை வழியே குறுக்காகப் போனால் பத்து நிமிடம் மிச்சமாகும் என்று அவ்வழியே விட்டேன். இரவு மழையிலே பாதை சேறாகிக் கிடந்தது. வளைவொன்றிலே திரும்பியபோது, முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு நடந்துகொண்டிருந்தனர். ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். என்ஜின் சத்தம் கேட்டதும் அவர்களிடையிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

"ஐயா வாறாரு! ஒதுங்குங்க!"

அனைவரும் ஒதுங்கினர். பின்னே வந்த முதியவள் ஒருத்தி பாதையோரத்துக் கானுக்குள்ளேயே இறங்கினாள். தலையிற் போட்டிருந்த கொங்காணியை இழுத்துக் கையிலே பிடித்துக்கொண்டு, வண்டி கடந்துபோகும்வரை அசையாமல் நின்றாள்.

நான் நிறுத்தவில்லை. வேகத்தைச் சிறிது குறைத்தேன், கடந்தேன், போய்விட்டேன். அடுத்த வளைவு வருமுன் பக்கக் கண்ணாடியிலே பார்த்தபோதுதான் அந்த முதியவளை அடையாளம் கண்டேன். நான் பிறந்த லயத்திலே எங்கள் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளியிருந்த பெரியம்மா அவர். என் அம்மாவோடு ஒரே நிரையிலே கொழுந்து பறித்தவர். கானுக்குள் நின்றபடி, கூடையைத் தோளிலே சரிசெய்துகொண்டிருந்தார்.

தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். துரை குதிரையில் வந்த காலத்திலும், பின்னர் மோட்டார் சைக்கிளிலே வந்த காலத்திலும், சத்தம் கேட்டதும் தொழிலாளி பாதையைவிட்டு இறங்கவேண்டும். தலையிலே கட்டியிருந்த துணியை அவிழ்க்கவேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்கவேண்டும். அந்தக் கதைகளை வகுப்பிலே கோபத்தோடு சொல்பவன் நான். இன்று என் வண்டியின் சத்தத்துக்கு என் பெரியம்மா கானுக்குள் இறங்கினார்.

பன்வில சந்தியிலே நண்பர்கள் காத்திருந்தனர். ஒன்றும் சொல்லாமல் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அந்தக் காலைப் பொழுதின் இன்பத்தை நான் மறைக்க விரும்பவில்லை. மேகம் விலகி, நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுவதும் வெளிப்பட்டிருந்தது. மூடிய முஷ்டியின் கணுக்களைப் போல் அதன் சிகரங்கள் தோன்றியதாலே வெள்ளைக்கார நில அளவையாளர் அப்பெயரை இட்டனர். தும்பறை மலை என்பது சிங்களப் பெயர். இறக்கத்திலே ஐந்து வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வளைந்து இறங்கின. பஸ்ஸிலே போகும்போது காற்று சன்னல் வழியே வருகிறது. மோட்டார் சைக்கிளிலோ மலையின் குளிரும், யூக்கலிப்டஸ் வாசனையும், கொழுந்து வாட்டும் தொழிற்சாலையின் வாசனையும் நெஞ்சிலே நேரே வந்து மோதுகின்றன. உடலைச் சற்றுச் சாய்த்தால் வண்டி தானே திரும்புகிறது. அந்தக் கணத்திலே தவணைப் பணமும் வினாத்தாள் திருத்தமும் நினைவிலிருந்து நீங்கிவிடுகின்றன.

வத்துகாமத்திலே வண்டிகளைச் சரிபார்க்க நின்றோம். கராஜ் தம்பி என் செயினைத் தொட்டுப் பார்த்துத் தலையை அசைத்தான். "எண்ணெய் விட்டா மட்டும் போதாது, சேர். தொய்ஞ்சு கிடக்கு" என்று சொல்லி, பின்சில்லின் நட்டைத் தளர்த்தி இழுத்துக் கட்டினான். இறக்கத்திலே வண்டியை நியூட்ரலில் விடக்கூடாது என்பது அவன் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம். இரண்டாம் கியரிலே என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். "எண்ணெய மிச்சம் பிடிக்கிறவன் உசிர செலவழிக்கிறான்" என்பான். பத்தாம் ஆண்டோடு பாடசாலையைவிட்டு நின்றவன் அவன். அவன் பாடம் நடத்தும்போது நாங்கள் இருவரும் பட்டதாரி ஆசிரியர்கள் என்பதை மறந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

பொல்கொல்லவிலே மகாவலியை மறித்த அணையின் பக்கத்திலே மீண்டும் நின்றோம். 1976இலே தொடங்கி, இங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் உக்குவளைக்குச் சென்று, அங்கே மின்சாரமாகி, பின்னர் வடக்கே நெல்வயல்களுக்குப் போகிறது. தச்சு நண்பர் பத்து நிமிடம் நீரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. எத்தனையோ முறை இவ்வழியே பஸ்ஸிலே போயிருப்பார். ஒருமுறையாவது இறங்கிப் பார்த்திருப்பாரா?

கட்டுகஸ்தோட்டையையும் கண்டியையும் கடந்து பேராதனையை அடைந்தபோது, பல்கலைக்கழக வாயிலின் எதிரே வண்டியை மெதுவாக்கினேன். நாவலப்பிட்டிக்கு நான் வந்த காரணம் அங்கேதான் தொடங்கியது. மாணவனாக இருந்தபோது அந்நூலகத்திலே இடதுசாரி இயக்க வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டுகையில், என் ஊரின் பெயர் கண்ணிற்பட்டது. மடுல்கெல்ல. அதனை அதுவரை வரவு இடாப்பிலும் பஸ்ஸின் நெற்றியிலும் மாத்திரமே அச்செழுத்திற் கண்டிருந்தேன். அன்றுதான் அது ஒரு வரலாற்றின் பகுதி என்பதை அறிந்தேன்.

கெலிஓயா, கம்பளை, உலப்பனை வழியே நாங்கள் நாவலப்பிட்டியை அடைய நண்பகலாயிற்று. மழையும் பிடித்துக்கொண்டது. நகரத்துச் சுவர்களிலே நவம்பர் 14 பொதுத் தேர்தலின் சுவரொட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள தேநீர்க் கடையிலே ஒதுங்கி, ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். அப்பொழுது சொன்னேன், ஏன் இங்கு வந்தோமென்று.

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1912இலே லண்டனிலே பிறந்து, ஆஸ்திரேலியாவிலே வளர்ந்த இளைஞர். 1936இலே தோட்டத்துரையாகும் பயிற்சிக்காக இலங்கை வந்து, மடுல்கெல்லவிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திலே சேர்ந்தார். தேயிலையைக் கற்க வந்தவர் தொழிலாளரின் வாழ்க்கையைக் கற்றார். அவர்களுக்கு நோய் வந்தால் மருந்தில்லை, பிள்ளைகளுக்குக் கல்வியில்லை என்பதைக் கண்டு, நிர்வாகத்தோடு முரண்பட்டு அவர்கள் பக்கம் நின்றார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1935இலே தொடங்கப்பட்டிருந்த லங்கா சமசமாஜக் கட்சியிலே சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆந் திகதி, இதே நாவலப்பிட்டியிலே, கலாநிதி என். எம். பெரேராவின் தலைமையிலே நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்திலே மேடையேறிப் பேசினார். இந்தியாவிலிருந்து வந்த சோஷலிசத் தலைவி கமலாதேவி சட்டோபாத்யாயவும் அம்மேடையில் இருந்தார். வெள்ளைத்துரை ஒருவன் வெள்ளைத்துரைமாரின் கொடுமையை எடுத்துச் சொல்வதைத் தொழிலாளர் அன்று முதன்முறை கேட்டனர்.

அதே மாதம் 22ஆந் திகதி, 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி தேசாதிபதி ஸ்டப்ஸின் கட்டளை பிறந்தது. பிரேஸ்கேர்டில் வெளியேறவில்லை; தோழர்கள் அவரை மறைத்துவைத்தனர். மே 5ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலிலே பெருங்கூட்டத்தின் நடுவே அவர் தோன்றினார். பின்னர் கைதானார். ஆனால் உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாது என்று அந்த மே மாதத்திலேயே தீர்ப்பளித்து, அவரை விடுவித்தது. பின்னர் அவர் இங்கிலாந்து திரும்பி, 1999இலே மறைந்தார்.

"எங்க வீட்டில் இந்தப் பேர் சொல்லுவாங்க" என்றார் தச்சு நண்பர், தமக்குத் தெரிந்த தமிழிலே. அவருடைய பாட்டனார் சமசமாஜக் கட்சிக்காரராம். வத்துகாமத்துச் சிங்களக் குடும்பமொன்றிலே அப்பெயர் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. அந்த மனிதர் யாருக்காக வேலையை இழந்தாரோ அவர்களுடைய லயங்களிலே நான் அதனை ஒருமுறையும் கேட்டதில்லை. 1948இலே குடியுரிமையும், அதனையடுத்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டு, 1964இன் ஒப்பந்தத்தின் பின்னர் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றப்பட்ட சமூகம் எங்களுடையது. நினைவு வைத்திருக்க வேண்டியவர்களிலே பலர் மண்டபத்துக்குப் போய்விட்டனர். எஞ்சியோரின் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. பத்தாண்டு ஆசிரியனாக இருந்த நானும் சொல்லவில்லை.

கராஜ் தம்பியின் வண்டித் தாங்கியிலே சே குவேராவின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. "இவரும் பைக்கில போனவர்தானே, சேர்?" என்று கேட்டான். ஆம் என்றேன். 1952இலே, மருத்துவ மாணவராயிருந்த சே, நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் பழைய 'நோர்ட்டன்' வண்டியொன்றிலே ஆர்ஜென்டீனாவிலிருந்து புறப்பட்டார். சிலி நாட்டிலே அவ்வண்டி அடியோடு பழுதாயிற்று. அதன்பின் நடந்தும் லொறிகளிலே தொற்றியும் சென்றபோதுதான், வேலை தேடி அலைந்த சுரங்கத் தொழிலாளியையும் அவர் மனைவியையும் பாலைவனக் குளிரிலே சந்தித்தார்.

தம்பி சிறிது யோசித்தான். "அப்ப ஒரு நல்ல மெக்கானிக் கெடச்சிருந்தா, அவரு அந்த ஆளுகளப் பாத்திருக்கவே மாட்டாரு."

எல்லோரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நடந்ததை அப்பொழுதுதான் அவர்களிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. "ஐயா என்றா சொன்னது?" என்று தச்சு நண்பர் கேட்டார். "எங்கட பாசையில் அய்யா என்றா மூத்த சகோதரன். நான் உங்களை அப்படித்தானே கூப்பிடுறது." அவர் ஆறுதலாகச் சொன்னார், ஆனால் எனக்கு அது குத்தியது. ஒரே ஒலி. அவருடைய மொழியிலே கூடப் பிறந்தவனைக் குறிக்கிறது. எங்கள் தோட்டத்திலே மேலேயிருந்து வருபவனைக் குறிக்கிறது.

கணித ஆசிரியைதான் ஆறுதல் சொல்லாதவர். "அவங்க எறங்கினது உங்க பிழை இல்ல, சேர். நீங்க நிப்பாட்டாததுதான் பிழை. போகும்போது நேரா அங்க போங்க" என்றார்.

மழை விட்டதும் திரும்பினோம். மலை ஏறும்போது என் வண்டி ஒருமுறை நின்றது. பிளக்கைத் துடைத்ததும் கிளம்பியது. தேநீர்க் காசு என் தலையிலே விழுந்தது. பன்விலவிலே விடைபெற்றுக்கொண்டு, தோட்டப் பாதை தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, லயத்துக்கு நடந்து போனேன்.

பெரியம்மா வாசற்படியிலே அமர்ந்து காலிலே எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"அது ஒன்னயப் பாத்துச் சொன்னதா? நாந்தான் சொன்னேன், தம்பி. இந்தச் சின்னப் பொண்ணுங்க போனப் பாத்துக்கிட்டே நடக்குதுங்க. வண்டி வருதுன்னா ஒதுங்காதுங்க. ஐயா வாறாருன்னாதான் ஒதுங்குங்க."

"கொங்காணிய எடுத்தீங்களே, பெரியம்மா?"

"காது கேக்கல. எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கத்தான். போன மாசம் ஒரு பொடியன் வண்டி இடிச்சி, பக்கத்து லயத்துக்காரி கால் ஒடஞ்சி கெடக்கா. அதான் கானுக்குள்ள எறங்குனேன். நீ என்னமோ பெரிய தொரைன்னு நெனச்சிக்கிட்டியா?"

என் குற்ற உணர்ச்சியிலே ஒரு பங்கு தற்பெருமை கலந்திருந்ததை அந்தச் சிரிப்பு எனக்குக் காட்டியது. ஆனால் அதனால் மனம் முற்றும் இலேசாகிவிடவில்லை. துரைமார் போய்ப் பல பத்தாண்டுகள் சென்றபின்னும், பாதையிலே பிள்ளைகளை ஒதுக்குவதற்கு 'ஐயா' என்ற சொல்தான் இன்னும் பயன்படுகிறது. அந்தப் பாதையிலே வண்டிக்கு வழி உண்டு. கூடையோடு நடப்பவளுக்குக் கானைத் தவிர வேறு இடமில்லை. அதிலே ஓட்டுபவன் தொழிலாளியின் மகனானாலும் கால் ஒடியத்தான் செய்யும்.

"இம்புட்டு நேரம் எங்க போயிட்டு வாற?" என்று கேட்டார்.

"சும்மாதான் பெரியம்மா. நாவலப்பிட்டிவரைக்கும்."

அம்மாவைப்போல் அவர் வியக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்கு முந்தி நெஞ்சுவலின்னு ஒன் வண்டியிலதானே ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போன. போற வழி பூரா கண்ண மூடிக்கிட்டே போனேன். ஒண்ணும் பாக்கல. இன்னொருக்கா ஏத்திக்கிட்டுப் போ. இந்தத் தடவ சும்மா."

"அடுத்த ஞாயிறு போவமா?"

"ஞாயிறு கைக்காசு இருக்கு, தம்பி."

அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்த அவருக்கு ஞாயிற்றுக் கைக்காசு இல்லாமல் மருந்துச் செலவு கட்டாது.

1886இலே சிக்காகோ நகரத்துத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த கதையை ஆண்டுதோறும் மே மாதத்திலே சொல்கிறோம். அவர்கள் நாளை மூன்றாகப் பகுத்தனர்: எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தாம் விரும்பியபடி கழிக்க. முதற் பங்கைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். மூன்றாவது பங்கைப் பற்றி நாம் பேசியது குறைவு. அதனைச் சொகுசு என்று நாமே ஒதுக்கிவிட்டோம். தமிழிலே அதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: சும்மா. உழைப்பவளுக்கும் அது உரியது என்று கேட்பதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. என் சங்கத் தோழருக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுவே. எங்கள் உலாவிலே பிழை உண்டென்றால், அது உலாப் போனதிலன்று. ஐந்து வண்டியிலும் பின் இருக்கைகளைக் காலியாகக் கொண்டுபோனதிலே.

நவம்பர் 15, பொதுத் தேர்தலுக்கு மறுநாள், போயா விடுமுறை. அன்று போவதென்று முடிவாயிற்று. ஆசிரியை இரண்டு தலைக்கவசங்களை இரவல் கொண்டுவந்தார். கராஜ் தம்பி என் வண்டியின் பின் மிதிகட்டையை அகலமாக்கிக் கொடுத்தான். பெரியம்மா வருகிறார் என்று அம்மாவிடம் சொன்னபோது, வழக்கம்போல், "அவளுக்கு என்ன வேலையாம்?" என்று கேட்டார். நான் விடை சொல்லுமுன், "அப்ப ரெண்டு வண்டி வேணும்" என்றும் சொல்லிவிட்டார்.

தொலைதூரம் போகவில்லை; பொல்கொல்ல அணைவரைதான். அம்மா ஆசிரியையின் ஸ்கூட்டியிலே முன்னே போனார். பெரியம்மா என் பின்னால். பாதையோரக் கடை வானொலியிலே தேர்தல் முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தனர். இருவரும் அதைக் கேட்கவில்லை. நீரைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரத்துக்குமேல் நின்றனர். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பெரியம்மா ஒருமுறை கேட்டார், சொன்னேன். திரும்பி வருகையில், பன்விலவைத் தாண்டிய ஏற்றத்திலே, அவர் என் தோளைத் தட்டினார்.

"மெதுவாப் போ, தம்பி. பாக்கணும்."